பழுதை ஒப்புக்கொள்ளும் பூட்டு

நம் பாட்டனார் காலத்தில் கடிதம் எழுத உட்காரும் முன்பே ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது: அட்டையா, உறையா? "நலம், நலமறிய அவா. இங்கு நல்ல மழை. பசு கன்று ஈன்றது" என்று எழுத அஞ்சலட்டை போதும். அஞ்சற்காரர் படித்தால் என்ன? அவரும் மகிழ்ந்து போகட்டும்! ஆனால், மகள் புகுந்த வீட்டில் படும் துன்பத்தையோ, நிலத்தை ஈடு வைத்து வாங்கிய கடனையோ எழுத வேண்டுமானால் அட்டை உதவாது. உறை வேண்டும், அதன் வாயை ஒட்ட வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களுங்கூட இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் அதை மறந்துவிட்டோம். நாள்தோறும் நாம் அனுப்பும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் அட்டைகளே. ஓர் அஞ்சல் நிலையத்திலிருந்து மற்றோர் அஞ்சல் நிலையத்திற்குச் செல்லும்போது அவற்றை மூட்டையாகக் கட்டித்தான் அனுப்புகிறார்கள், அது உண்மை. ஆயினும் ஒவ்வொரு நிலையத்திலும் மூட்டை அவிழ்க்கப்படுகிறது. அங்கே இருப்பவர் படிக்க நினைத்தால் படிக்கலாம். அந்த நிலையத்தின் கதவை உடைத்து உள்ளே நுழைந்தவனும் படிக்கலாம். நாமோ அந்த அட்டையில் மருத்துவச் சான்றை எழுதுகிறோம், வங்கிக் கணக்கை எழுதுகிறோம், ஆசிரியர் மீது புகார் எழுதுகிறோம், காதலையும் எழுதுகிறோம்.

உறை இல்லையா? உண்டு. அதுவும் இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் பில் சிம்மர்மன் என்பவர் 1991-ஆம் ஆண்டில் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தார். அதன் முறை எளிது. திறந்த பூட்டுகளைப் பலவாகச் செய்து ஊரெல்லாம் கொடுத்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு எழுத விரும்புபவர் கடிதத்தைப் பெட்டியில் இட்டு நம் பூட்டை அமுக்கிப் பூட்டி அனுப்புகிறார். பூட்டிய அவராலும் இனி அதைத் திறக்க இயலாது. திறக்கும் சாவி ஒன்றே ஒன்று. அது நம்மிடம் மட்டும். இடையில் எத்தனை நிலையங்கள் இருந்தால் என்ன? அவர்கள் காண்பது பூட்டிய பெட்டியை மட்டுமே. இதையே மறையாக்கம் என்கிறோம்.

இந்தப் பூட்டை நாட்டுக்கு வெளியே போகவிட்டார் என்று சிம்மர்மன் மீது அமெரிக்க அரசு விசாரணை நடத்தியது. வழக்குத் தொடுக்காமலே 1996-இல் அதைக் கைவிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக் அதே வகைப் பூட்டைக் கட்டற்ற மென்பொருளாக எழுதத் தொடங்கி, 1999-இல் ஜி.என்.யூ. பிரைவசி கார்டு என்ற பெயரில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். ஆயினும், அதைக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டே இயக்க வேண்டியிருந்தது. சாதாரண மனிதர் கை வைக்க அஞ்சினர். மின்னஞ்சல் நிரலுக்குள்ளேயே ஒரு பொத்தானாக அதைக் கொண்டுவந்து வைத்தது எனிக்மெயில் என்னும் இணைப்பு நிரல். அதை 2001-இல் முதன்முதலில் வெளியிட்டவர் இராமலிங்கம் சரவணன். அந்தப் பெயரைப் பற்றித் தமிழ்ச் சங்கத்து இதழில் நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை. 2003 முதல் பாட்ரிக் புருன்ஷ்விக் என்பவர் அதைப் பேணி வந்தார்.

வரலாறு இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது வேறு.

எந்த மென்பொருளும் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிப்போடு ஒரு குறிப்பும் வருகிறது. அதில் இரண்டு பட்டியல்கள். முதற்பட்டியல், புதிதாகச் சேர்க்கப்பட்ட வசதிகள். இரண்டாம் பட்டியல், திருத்தப்பட்ட பழுதுகள். முதற்பட்டியலை நாம் ஆவலுடன் படிக்கிறோம். இரண்டாவதைப் படிப்பவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே. பலர் இரண்டையும் படிப்பதில்லை. "பிறகு" என்ற பொத்தானை அமுக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். இன்று என் கருத்து மாறிவிட்டது. ஒரு பூட்டை நம்பலாமா, கூடாதா என்று தெரிந்துகொள்ள நாம் முதலில் படிக்க வேண்டியது அந்த இரண்டாம் பட்டியலையே என்பேன். தன் பழுதைத் தானே ஊரறியச் சொல்லித் திருத்தும் பூட்டே நம்பத்தக்க பூட்டு. அவ்வாறு சொன்னதைக் காது கொடுத்துக் கேளாதவன், பூட்டு வைத்திருந்தும் திறந்த வீட்டில் வாழ்பவனே.

சில சான்றுகளைப் பார்ப்போம்.

2014-இல் எனிக்மெயிலின் 1.7 வரிசையில் ஒரு பழுது இருந்தது. கடிதத்தைப் பெறுபவர் யாரென்று மற்றவர் அறியாதபடி அனுப்புவதற்கு 'பி.சி.சி.' என்று ஓர் இடம் உண்டல்லவா? பெறுபவர் பெயர் அந்த இடத்தில் மட்டும் இருந்தால், பூட்டி அனுப்புக என்று நாம் சொல்லியிருந்தபோதும் கடிதம் பூட்டப்படாமலே போய்விட்டது. எண்ணிப் பாருங்கள். பெயரைக்கூட மறைத்து அனுப்ப வேண்டிய கடிதம் எவ்வளவு முக்கியமானதாக இருக்கும்? அந்தக் கடிதமே திறந்த அட்டையாகச் சென்றது. பதிப்பு 1.7.2 அதைச் சரி செய்தது.

2018-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் ஜெர்மனி, பெல்ஜியம் நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் இ-ஃபெயில் என்று பெயரிட்ட ஒரு குறையை வெளியிட்டனர். பூட்டிய கடிதத்தை வழியில் கைப்பற்றியவன், அதைத் திறக்க முடியாவிட்டாலும், அதற்கு முன்னும் பின்னும் சில வரிகளை ஒட்டி உரியவருக்கே மறுபடி அனுப்புகிறான். உரியவருடைய நிரல் கடிதத்தைத் திறக்கிறது. ஒட்டப்பட்ட வரிகளோ, "இந்த முகவரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வா" என்று ஏவுகின்றன. படத்தைக் கேட்டுச் செல்லும் அந்த வேண்டுகோளோடு கடிதத்தின் பொருளும் சேர்ந்து பகைவனிடம் போய்விடுகிறது. பூட்டு உடையவில்லை. வீட்டுக்காரர் தம் சாவியால் திறந்த பின், வீட்டுக்குள் இருந்தே ஒருவன் சன்னல் வழியாகச் செய்தி சொல்லிவிட்டான்! மின்னஞ்சலில் படங்களையும் அலங்காரங்களையும் தானே எடுத்துக் காட்டும் வசதிதான் அந்தச் சன்னல்.

அடுத்த மாதமே மற்றொன்று. பூட்டைப் போலவே கையொப்பமும் இந்த நிரல்களின் கடமை. இக்கடிதம் இன்னார் எழுதியதுதான், இடையில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று அது சான்று கூறும். நம்மவர்க்கு இது புதிய கருத்தன்று. சிலப்பதிகாரத்தில், மதுரை வழியில் இருந்த கோவலனிடம் கோசிகன் மாதவியின் ஓலையைக் கொடுக்கிறான். அந்த ஓலையின் மண் முத்திரையில் அவள் கூந்தலின் சுவடு பதிந்திருந்தது. அதில் தங்கியிருந்த நெய்மணம், எழுதியவள் யார் என்பதை ஓலையைப் பிரிக்கும் முன்பே உணர்த்தியது. கடிதம் பிரிக்கப்படவில்லை என்பதற்கும், அனுப்பியவள் அவளே என்பதற்கும் அந்த ஒரு முத்திரையே சான்று. அத்தகைய முத்திரையைப் போலியாகச் செய்ய முடிந்தால் என்ன ஆகும்? 2018 ஜூன் மாதம் வெளியான குறை அதுதான். கடிதத்தோடு வரும் கோப்பின் பெயருக்குள் சில சொற்களை மறைத்து வைத்தால், சில அமைப்புகளில், "கையொப்பம் சரியானது" என்று நிரலே பொய்ச்சான்று கூறிவிடும். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் இருந்த குறை அது. ஜூன் 8 அன்று வெளியான ஜி.என்.யூ. பிரைவசி கார்டு 2.2.8 அதைத் திருத்தியது. அதே பதிப்பு இன்னொன்றும் செய்தது. வழியில் எவரும் கைவைக்கவில்லை என்பதற்கான அடையாளம் இல்லாத பழைய வகைக் கடிதங்களை, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், திறக்கவே மறுத்துவிட்டது. எனிக்மெயிலும் 2.0.7 பதிப்பில் தன் பங்கைத் திருத்திக்கொண்டது.

"இத்தனை ஓட்டைகளா? இதையா நம்பச் சொல்கிறீர்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: "உங்கள் வீட்டுப் பூட்டில் ஓட்டை இல்லை என்று எப்படித் தெரியும்?" "இதுவரை யாரும் சொல்லவில்லையே!" என்றார். அதுதான் நான் சொல்ல வந்ததும். யாரும் சொல்லாததால் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது. ஊரார் எல்லோரும் பிரித்துப் பார்க்கும்படி தன் உள்ளுறுப்புகளைத் திறந்து வைத்திருக்கும் பூட்டில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன, நாளும் பதிப்பு எண்ணும் இட்டு அறிவிக்கப்படுகின்றன, அடைக்கப்படுகின்றன. தன் குற்றம் கடிந்து பின் பிறர் குற்றம் காண வேண்டும் என்பது அரசருக்கு மட்டும் உரிய அறமா? கருவி செய்வோர்க்கும் அது உரியதே.

ஆனால், சொல்பவர் சொன்னால் மட்டும் போதுமா? கேட்பவர் கேட்க வேண்டாவா? இதை நான் பட்டறிந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பெருமைக்குரிய கதையன்று.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மாணவர் அமைப்பில், மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதி அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தோம். விடுதிச் சாதித் தொல்லை, உதவித்தொகை கிடைக்காமை, மேலோரின் தகாத நடத்தை என்று பலவும் வரும். ஆகவே, பூட்டோடுதான் வைத்திருந்தோம். தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் நிரலின் 78-ஆம் பதிப்பு 2020 ஜூலையில் வந்தபோது, அதுவரை எனிக்மெயில் செய்துவந்த வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. தனித்தனியாக நிரல்களை நிறுவ வேண்டிய தொல்லை ஒழிந்தது. கடிதத்தின் தலைப்பையும் சேர்த்து மறைக்கும் வசதியும் இருந்தது. உள்ளே பூட்டிவிட்டு, வெளியே "விடுதிக் காப்பாளர் மீது புகார்" என்று தலைப்பு எழுதியிருந்தால் பூட்டியும் பயன் என்ன? அந்த வசதியைக் கண்டு மகிழ்ந்தோம். 2021 ஏப்ரலில், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் எல்லோரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நாளில், எங்கள் மூத்த மாணவர் ஒருவர் அமைப்பின் சாவியைப் பழைய கணினியிலிருந்து மடிக்கணினி ஒன்றுக்கு மாற்றினார். முதன்மைக் கடவுச்சொல்லும் இட்டார். வைஃபையைத் தின்கிறது என்று யாரோ சொல்ல, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவைத்தார். பின்னர் அந்தக் கணினி என் கைக்கு வந்தது. அது "பிறகு" என்ற நிலையிலேயே இருந்தது. நானும் அதை மாற்றவில்லை.

சென்ற ஆண்டு அதன் திரை பழுதாயிற்று. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். "சோதிச்சுப் பாக்கணும் தம்பி, பாஸ்வேர்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கணினியின் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தேன். கடிதங்கள்தாம் பூட்டுக்குள் இருக்கின்றனவே என்ற துணிவு! மூன்று நாள் கழித்துத் திரும்பப் பெற்றேன்.

திரை சரியானதும், வெட்கப்பட்டுப் பழைய வெளியீட்டுக் குறிப்புகளைப் படிக்கலானேன். 2021 மே மாதம் வந்த 78.10.2 பதிப்பின் குறிப்பில் ஒரு திருத்தம். 78.8.1 முதல் 78.10.1 வரையுள்ள பதிப்புகளில் உள்ளே கொண்டுவரப்பட்ட மறைச்சாவிகள், முதன்மைக் கடவுச்சொல்லின் காப்பு இன்றி, வட்டில் வெறுமையாகவே எழுதப்பட்டிருந்தன. சாவியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்க்கும் முறையை மாற்றியமைத்தபோது காப்பு விடுபட்டுப்போயிற்று. புதிய பதிப்பை நிறுவினால் அந்தச் சாவிகள் தாமாகவே மீண்டும் காப்புக்குள் வந்துவிடும் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பழுதை இடர் குறைந்தது என்று அவர்கள் வகைப்படுத்தியிருந்தனர். பொதுவாக நோக்கினால் அது சரியே. கணினியைக் கையில் எடுத்தவனுக்கன்றோ அந்தச் சாவி எட்டும்? ஆனால், எங்கள் கணினி மூன்று நாள் அயலார் கையில் இருந்தது!

நான்கு ஆண்டுகளாகத் திருத்தம் வாசலில் காத்திருந்தது. கதவைத் திறக்காதவர் நாங்கள்.

அந்தக் கடைக்காரர் நேர்மையானவர் என்றே நம்புகிறேன். எங்கள் கோப்பு எதையும் அவர் தொட்டிருப்பார் என்று எண்ண ஒரு காரணமும் இல்லை. ஆயினும், நம்புகிறேன் என்பதும் அறிவேன் என்பதும் ஒன்றல்லவே. அன்றே நிரலைப் புதுப்பித்தோம். அந்தச் சாவி இனிச் செல்லாது என்று அறிவித்துப் புதிய சாவி செய்தோம். பழைய சாவியை எவரேனும் படியெடுத்திருந்தால் பழைய கடிதங்கள் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் எங்களிடம் விடை இல்லை. ஆகவே, எங்களுக்கு எழுதியிருந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். சொல்ல வேண்டா என்றவர்களும் இருந்தனர். "யாருக்கும் ஒன்றும் நேரவில்லை, வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும்?" என்றனர். நெடுநேரம் வாதிட்டோம். முடிவில் சொன்னோம்.

முதலாண்டு மாணவி ஒருத்தியிடம் நானே நேரில் சென்று சொன்னேன். அவள் எழுதியிருந்தது வெளியே தெரிந்தால் படிப்பையே விட்டுப் போக வேண்டிய செய்தி. நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு, "இப்ப சரி பண்ணிட்டீங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். "பண்ணிட்டோம்மா" என்றேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். இனி நமக்கு எழுத மாட்டாள் என்றே நினைத்தேன். அடுத்த மாதம் புதிய பூட்டிட்டு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

நண்பர்களே, அன்று எனக்கு அந்த இரண்டாம் பட்டியலின் பொருள் விளங்கிற்று. அந்நிரலை எழுதியவர்கள் உலகத்திற்குச் செய்ததைத்தான் நாங்கள் அந்தப் பெண்ணுக்குச் செய்தோம்: தவறினோம், இதோ திருத்திவிட்டோம் என்றோம். நம்பிக்கை அதனால் குறைவதில்லை, அதன்மேல்தான் நிற்கிறது.

இனி, இந்தப் பூட்டே வேண்டா என்பாருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். "மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை" என்பார் ஒரு சாரார். அவர்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு இல்லையா? நம் பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தனிமறைவு அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். தாளில் உள்ள உரிமைக்கு நம் மேசையில் ஒரு கருவி வேண்டும். கதவு அடைக்கும் உரிமை உண்டு, கதவுதான் இல்லை என்றால் அது என்ன உரிமை?

"தீயோர்க்கு அன்றோ பூட்டு உதவுகிறது?" என்பார் மற்றொரு சாரார். இதை எள்ளி ஒதுக்க நான் விரும்பவில்லை; ஏனெனில், இதற்குப் பின்னால் உண்மையான கண்ணீர் இருக்கிறது. இதே நகரில், ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் பெண்களுக்கு ஆபாசச் சொற்களும், செயற்கை அறிவால் செய்த போலிப் படங்களும் கொண்ட மின்னஞ்சல்கள் மீண்டும் மீண்டும் வந்ததாக அந்நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. அவை சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் வழியாக வந்தவை. அனுப்பியவர் யாரென்று கண்டறிய இயலவில்லை. 2025 ஏப்ரல் 29 அன்று நீதிபதி எம். நாகபிரசன்னா, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அந்த அஞ்சலை நாட்டில் தடுப்பதற்கான நடவடிக்கையைத் தொடங்குமாறு நடுவணரசுக்கு உத்தரவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 2024 பிப்ரவரியில், சென்னைப் பள்ளிகள் பலவற்றுக்கு வெடிகுண்டுப் புரளி மின்னஞ்சல் வந்து பெற்றோர் பதைத்து ஓடிய நாளிலும் அதே அஞ்சலின் பெயர் அடிபட்டது.

அந்தப் பெண்களுக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்த நிறுவனம் நீதிமன்றம் சென்றதும் முறையே. ஆனால், நோய் எது, மருந்து எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். பூட்டு வேறு; முகமூடி வேறு. அந்தக் கொடியவன் அனுப்பியவை பெற்றவர்கள் கண்முன் திறந்தே கிடந்தன, படித்ததால்தானே துன்புற்றனர்? அவன் மறைத்தது தன் முகத்தை. நான் இங்குப் பேசும் பூட்டோ முகத்தை மறைப்பதில்லை. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது உறையின்மேல் தெரியவே செய்யும். அதோடு, அது தரும் கையொப்பம் முகமூடிக்கு நேர்மாறானது. "எழுதியவன் நானே" என்று மார்தட்டிச் சொல்வது. முகமூடி அணிந்தவனைப் பிடிக்கக் காவல்துறைக்கு வல்லமையும், நாடுகளுக்கிடையே விரைந்த ஒத்துழைப்பும் வேண்டும். அவன் வந்த தெருவையே அடைத்தால் அவன் அடுத்த தெருவில் வருவான். அந்தத் தெருவில் வாழும் மற்றவரே அல்லலுறுவர். நம்மிடம் வந்து முறையிட்ட அந்த முதலாண்டு மாணவியும், இழிவுபடுத்தப்பட்ட அந்தப் பெண்களும் எதிர் எதிர் கட்சியினர் அல்லர். இருவருக்கும் வேண்டியது பாதுகாப்பே. ஒருத்திக்கு வேண்டிய பூட்டைப் பறித்து மற்றவளுக்கு நீதி செய்ய முடியாது.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. இந்தப் பூட்டுகளைப் பழுது பார்ப்பவர்கள் மிகச் சிலர். உலகம் முழுவதும் நம்பியிருந்த ஜி.என்.யூ. பிரைவசி கார்டை வெர்னர் கோக் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனியொருவராகவே, போதிய வருவாயின்றிப் பேணிவந்தார். 2015 பிப்ரவரியில் அவர் நிலை செய்தியாக வெளிவந்த பிறகே நன்கொடைகள் குவிந்தன. மென்பொருள் நகரம் என்று நாம் மார்தட்டும் பெங்களூரில், இத்தகைய பொதுப் பூட்டுகளுக்கு ஒரு திருத்தம் எழுதித் தந்தவர் நம்மிடையே எத்தனை பேர்? இராமலிங்கம் சரவணன் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. அவர் தொடங்கிய வேலையில் கை கொடுப்பதே அப்பெருமைக்கு நாம் கட்டும் விலை.

ஆகவே, நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மாணவர் குறைகளைப் பெறும் எந்தக் கணினியும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் நிலையிலேயே இருக்க வேண்டும். பழுது பார்க்க வெளியே கொடுக்கும் முன் சாவியை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, திங்கள்தோறும் ஒரு மாணவர் வெளியீட்டுக் குறிப்பின் அந்த இரண்டாம் பட்டியலைப் படித்து, நான்கு வரித் தமிழில் எழுதி, நம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இன்ன பதிப்பில் இன்ன பழுது, இன்ன பதிப்பில் அது தீர்ந்தது, அவ்வளவு போதும். ஆங்கிலக் குறிப்பைக் கண்டு தயங்கும் நண்பர்க்கு அது பேருதவியாகும். மூன்றாவது, நம்மில் கணிப்பொறி பயில்வோர் ஆண்டுக்கு ஒரு பழுதையேனும் கண்டு அறிவிக்கவோ, திருத்தவோ முயல வேண்டும்.

இவை பெரிய தியாகங்கள் அல்ல. இன்று மாலை உங்கள் கணினி "புதுப்பிக்கலாமா?" என்று கேட்கும்போது, உங்களை நம்பி எழுதிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். "பிறகு" என்பதை அமுக்க உங்கள் விரல் துணியாது.